அரைத் தாளம் தாமதம்

கிரசியேலா ஓச்சோவா மேடையில் விழுந்து கணுக்கால் முறிந்த அன்று மன்னிப்புக் கேட்டது அவள்தான். மன்னித்தது வெண்டெல் காங்காஸ். தப்பு முழுக்க அவனுடையது.

ஆஸ்ட்ரம் பாலே குழுவின் அறுபதாம் ஆண்டு விழாவின் முதல் ஆட்டம் அது. சுப்பீரியர் ஏரியின் வடகரையில், மினசோட்டாவில் இருக்கும் அந்த ஊரில் சொல்லிக்கொள்ள இரண்டே விஷயங்கள். ஒன்று இரும்புத்தாது ஏற்றும் துறைமுகம், இன்னொன்று இந்தக் குழு. குழு ஒவ்வொரு குளிர்காலமும் ஆடுவது ஒரே நாடகம், 'குளிர்காலத் தபால்'. உறைந்த ஏரியின் மேல் நாய்வண்டியில் தபால் கொண்டுபோகும் ஒருவனை வாடைக்காற்று வழிமறித்து அலைக்கழிக்கிறது. பிறகு மனமிளகி, தானே அவனைக் கரைசேர்க்கிறது. கதை அவ்வளவுதான். ஊர்ப்பிள்ளைகளில் பாதிப் பேர் ஏதாவது ஒரு வருஷம் அதில் பனித்துளியாகவோ நாய்க்குட்டியாகவோ ஓடியிருப்பார்கள். வெண்டெலும் நாய்க்குட்டியாக உள்ளே நுழைந்தவன்தான். முப்பது தாண்டியபோது தபால்காரன் வேஷம் அவனுடையதாகியிருந்தது.

வாடையாக ஆடியது கிரசியேலா. எல்லோருக்கும் அவள் சேலா. டெக்சாஸின் தென்கோடியில் லரேடோவில், பனியை ஃப்ரிட்ஜுக்குள் மட்டுமே பார்த்து வளர்ந்தவள். "வாடை வேஷத்துக்கு வெயில் ஊர்க்காரியா!" என்று ஊரே முதலில் கேலி செய்தது. ஆடிப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டது. சேலாவின் காது அப்படிப்பட்ட காது. ஒத்திகையில் பியானோ கொஞ்சம் இழுத்தால் போதும், திரும்பிக்கூடப் பார்க்காமல், "என்ன ராஜர், மத்தியானச் சாப்பாடு பலமா?" என்பாள். வெண்டெலும் அவளும் ஆறு குளிர்காலம் சேர்ந்து ஆடியிருந்தார்கள். அவனை அவள் 'மரக்கட்டை' என்றுதான் கூப்பிடுவாள். அவன் அவளை 'டெக்சாஸ்' என்பான்.

முதல் ஆட்டத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, வெண்டெலின் அக்காள் புருஷன் ஓட்டிப்போன ஸ்னோமொபைல் என்ற பனிவண்டி ஏரியோரத்துச் சேற்றுப்பனியில் புதைந்துபோனது. இழுத்து வெளியே எடுக்க வெண்டெல் போனான். சீசன் நடக்கும்போது நடனக்காரர்கள் அந்த வண்டிகள் பக்கமே போகக்கூடாது என்பது குழுவின் விதி. இழுத்த இழுப்பில் வலது தோளுக்குள் ஏதோ 'டக்' என்றது. ராத்திரியெல்லாம் கை கனத்தது. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் இயக்குநர் பெவர்லி அடுத்த நிமிஷமே மாற்று ஆட்டக்காரன் கோரியைத் தபால்காரனாக்கிவிடுவாள். அறுபதாம் ஆண்டுச் சுவரொட்டிகளில் இருந்தது வெண்டெலின் படம். மாத்திரையை விழுங்கினான். ஒத்திகையில், "முழுசா மேடையில தூக்கறேன், இப்ப வேண்டாம்" என்று சமாளித்தான். நடனக்காரர்கள் எல்லோரும் சொல்வதுதான் என்பதால் யாரும் சந்தேகப்படவில்லை.

கடைசிக் காட்சியில் வாடை மேடையின் எதிர்மூலையிலிருந்து ஓடிவந்து காற்றில் எழும்ப வேண்டும். தபால்காரன் அவள் இடுப்பை வலது கையில் ஏந்தித் தலைக்கு மேல் உயர்த்த வேண்டும். சேலா ஓடிவந்தாள், எழும்பினாள். வெண்டெல் கையை உயர்த்தினான். கை நெஞ்சு வரை வந்து நின்றுவிட்டது. அவன் விரல்நுனியை உரசிக்கொண்டு அவள் இடுப்பு கடந்துபோனது. அவனுக்குப் பின்னால், மேடைப் பலகையில் அவள் விழுந்த சத்தம் வாத்தியங்களையும் மீறிக் கேட்டது.

திரை இறங்கியது. எல்லோரும் சூழ்ந்துகொண்டார்கள். முகம் வெளுத்துக் கிடந்த சேலா எட்டி அவன் சட்டைக் கையைப் பிடித்தாள்.

"நான்தான் லேட்டு, இல்ல? அரைத் தாளம் லேட்டா வந்துட்டேன். மன்னிச்சிக்கடா."

அவன் வாயைத் திறந்தான். பெவர்லி பக்கத்தில் மண்டியிட்டிருந்தாள். கோரி தண்ணீர்ப் பாட்டிலோடு நின்றான். எல்லோரும் அவனைத்தான் பார்த்தார்கள்.

"பரவாயில்ல, சேலா," என்றான். "பரவாயில்ல. விடு."

மௌனமாக இருந்திருந்தால்கூட, பதறிப்போய்விட்டேன் என்று பின்னால் ஒரு சாக்குச் சொல்லியிருக்கலாம். அவனோ அவளை மன்னித்துவிட்டான்.

ஆஸ்பத்திரியில் கணுக்காலுக்குள் தகடு வைத்தார்கள். பார்க்கப் போனபோது சேலா போனில் அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தாள். அவனைக் கண்டதும் போனை நீட்டினாள். "இவன்தாம்மா. நான் இவன் மேல விழுந்திருந்தா இவன் கழுத்தும் போயிருக்கும். அப்பவும் ஒரு வார்த்தை கோபமா பேசலையே." லரேடோவிலிருந்து அந்த அம்மாள் அழுதுகொண்டே அவனுக்கு நன்றி சொன்னாள். அடுத்த வாரம் அவன் பேருக்கு ஒரு பெட்டி வந்தது. ஐஸ் வைத்துக் கட்டிய தமாலே, சோளமாவுக்குள் இறைச்சி வைத்துச் சோளத்தோலில் சுற்றி வேகவைத்தது. அக்காளும் குழந்தைகளும் சப்புக்கொட்டிக்கொண்டு தின்றார்கள். வெண்டெல் ஒன்றைக்கூடத் தொடவில்லை.

இதில் ஒரு கொடுமையும் உண்டு. விபத்துக்குப் பயந்து பெவர்லி அந்தத் தூக்கலையே நாடகத்திலிருந்து எடுத்துவிட்டாள். அதனால் வெண்டெலின் தோள் யார் கண்ணிலும் படாமல் தப்பித்தது. அவள் எலும்பு முறிந்தது அவனுக்கு வசதியாகப் போயிற்று.

செப்டம்பரில் சேலா திரும்பி வந்தாள். கால் கூடிவிட்டது, டாக்டரே மெச்சும்படி கூடியிருந்தது. ஆனால் பயிற்சியில் அவளைப் பார்த்தவர்கள் கண்ணைத் திருப்பிக்கொண்டார்கள். உதடு அசைய எண்ணிக்கொண்டே ஆடினாள். எல்லாவற்றுக்கும் முந்திக்கொண்டு வந்தாள். முன்பு இசை அவளுக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கும். இப்போது பஸ்ஸைத் தவறவிட்டுவிடுவோமோ என்று ஓடுகிறவளைப் போலிருந்தாள். ஒருநாள் அவளே பெவர்லியிடம் போய், வாடை வேஷம் வேண்டாம் என்றாள். பைப்பர் என்ற சின்னப் பெண்ணுக்கு அது போனது. சேலாவுக்குத் தபால் நிலையத்துக்காரி வேஷம். கூடையோடு இரண்டு முறை மேடையைக் கடக்க வேண்டும், ஒரு முறை விரலை ஆட்டித் திட்ட வேண்டும்.

வெண்டெல் தனக்குள் சாக்குகளை அடுக்கினான். கால்தான் சரியாகிவிட்டதே, இனிச் சொல்லி என்ன பயன், சொன்னால் அவளுக்குத்தான் வேதனை. குற்றமுள்ள நெஞ்சுக்குச் சாக்குச் சொல்ல யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. அதோடு, ஓடி ஓடி உதவினான். அவள் கார் டயரைக் குளிர்கால டயராக மாற்றிக் கொடுத்தான், வீட்டு ஹீட்டர் நின்றால் போய்ப் பார்த்தான். "மரக்கட்டைன்னு உன்னைச் சொன்னேன் பாரு, என் நாக்கை அறுக்கணும்," என்பாள் அவள். அன்று முழுக்க அவனால் யார் முகத்தையும் நேராகப் பார்க்க முடியாது.

ஜனவரியில் குழு பழைய பள்ளிக்கூட பஸ்ஸில் ஏறிச் சுற்றுவட்டார ஊர்களுக்குப் போகும். சுருட்டிய தரைவிரிப்பு பின்சீட்டில் படுத்திருக்கும். பள்ளிக்கூட உடற்பயிற்சிக் கூடம்தான் அரங்கம். கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே திரை. ஆட்டம் தொடங்குமுன் பெவர்லி மைக்கைப் பிடித்துக் குழுவின் வரலாற்றைச் சொல்வாள். பாதிக் கூட்டம் அதைக் கேட்கத்தான் வரும்.

அந்த வருஷம் முதல் ஊரில் அவள் ஆரம்பித்தாள். "உக்காருங்க, உக்காருங்க. பாப்கார்னைக் கொறிச்சுக்கிட்டே கேளுங்க. எங்க குழுவை ஆரம்பிச்சது பல் டாக்டர் பொண்டாட்டி, ஹெட்விக் லூமிஸ். ஊர்ல மேடையே கிடையாது. ஐஸ்ல கல்லு உருட்டி விளையாடற கூடத்துல, ஐஸ் மேலயே பலகை போட்டு ஆடினாங்க. ஆடினவங்க மூக்கெல்லாம் ஒழுகுச்சு. பாத்தவங்க, 'ஐயோ, என்னமா உருகி ஆடுதுங்க'ன்னு அழுதாங்களாம்."

கூட்டம் சிரித்தது.

"இன்னொரு வருஷம் புயல்ல கரண்ட் போச்சு. ஜனங்க எந்திரிச்சுப் போகல. லாரிக்காரங்க ரெண்டு பேர் வண்டியைக் கதவுப் பக்கம் கொண்டாந்து ஹெட்லைட்டைப் போட்டாங்க. அந்த வெளிச்சத்துல ஆடி முடிச்சோம். அப்புறம் ஒரு வருஷம், உண்மையான நாயைக் கொண்டாந்தா நல்லா இருக்கும்னு ஒரு மேதாவிக்குத் தோணுச்சு. அந்த மேதாவி நான்தான். நாய் நேரா கீழ குதிச்சு மேயர் மடியில ஏறி, அவர் சாண்ட்விச்சைத் தின்னுடுச்சு."

சிரிப்பு அடங்கக் காத்திருந்து, பெவர்லி குரலைத் தாழ்த்தினாள். "போன வருஷக் கூத்து தெரியுமா? அறுபதாவது வருஷம். எங்க வாடைக்காத்து அரைத் தாளம் லேட்டு! பாவம் வெண்டெல், பஸ் வராத ஸ்டாப்புல நிக்கிறவன் மாதிரி வெறுங்கையை நீட்டிக்கிட்டு நிக்கிறான். அவ அவனைத் தாண்டிப் பறந்து போயிட்டா. சேலா, எங்கடி இருக்க? வா, வந்து உன் மூஞ்சியைக் காட்டு."

அதுவரை கேட்காத சிரிப்பு எழுந்தது. திரையோரத்தில் கூடையோடு நின்ற சேலா வெளியே போய், குனிந்து வணங்கி, நொண்டி நொண்டித் திரும்பி வந்தாள். அவளுக்கு இப்போது நொண்டல் இல்லை, ஜனங்களுக்காக நொண்டினாள். உள்ளே வந்தபோது சிரித்த முகம் அப்படியே இருந்தது, கண் மட்டும் சிரிக்கவில்லை. வெண்டெல் எதிரே நின்றான்.

"நல்லா வந்துச்சா?" என்று கேட்டாள்.

அவன் தலையாட்டினான்.

போன ஊரிலெல்லாம் பெவர்லி அதையே சொன்னாள். ஊருக்கு ஊர் கதை வளர்ந்தது. சேலாவின் நொண்டலும் வளர்ந்தது. விழுந்ததைத் தனியாளாகச் சுமப்பதைவிட, எல்லோரோடும் சேர்ந்து சிரித்துவிடுவது அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கலாம்.

பயணத்தின் நடுவில் ஒரு பகலில், பெட்ரோல் போட பஸ் நின்றது. எல்லோரும் கடைக்குள் நுழைந்தார்கள். சேலா இறைச்சி அடைத்த பேஸ்டி ஒன்றை வாங்கிக்கொண்டு வெளியே காற்று மறைவில் நின்றாள். பாதியைப் பிய்த்து வெண்டெலிடம் நீட்டினாள்.

"முதல்ல உங்கிட்டதான் சொல்றேன். சுற்றுப்பயணம் முடிஞ்சதும் ஊருக்குப் போறேன்."

"லீவுக்கா?"

"ஒரேயடியா. என் தங்கச்சி ஒரு கிளினிக்ல இருக்கா, முன்னாடி உக்காந்து போன் எடுக்கற வேலை வாங்கித் தரேங்கிறா. கால் நல்லாத்தான் இருக்கு. காது போயிடுச்சுடா. எனக்கு வேற என்ன இருந்துச்சு சொல்லு? இந்தக் குழுவுல என்னைவிட உயரமா குதிக்கிறவ இருக்கா, அழகா இருக்கறவ இருக்கா. எங்கிட்ட இருந்தது காது ஒண்ணுதான். கூடிப்போன காலை வச்சுக்கிட்டு நான் என்ன பண்ண?"

பேஸ்டி அவன் கையில் ஆறிக்கொண்டிருந்தது.

"உன் காதுக்கு ஒண்ணும் ஆகல," என்றான்.

"ஆறுதல் சொல்லாத."

"ஆறுதல் இல்ல. நீ லேட்டா வரல. நான்தான் கையைத் தூக்கல. தூக்க முடியல. ஞாயித்துக்கிழமையே தோள் போயிடுச்சு, ஸ்னோமொபைலை இழுக்கப் போய். யாருக்கும் சொல்லல. சொன்னா கோரி ஆடியிருப்பான்."

சேலா மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினாள். சாலையில் மரம் ஏற்றிய லாரி ஒன்று போய் மறைந்தது.

"நான் சரியா வந்தேனா?"

"சரியா வந்த."

"இன்னொரு தரம் சொல்லு."

"நீ சரியா வந்த, சேலா. எப்பவும் வர்ற மாதிரி."

"மன்னிச்சிக்கன்னு உன் சட்டையைப் பிடிச்சுக் கேட்டேன். அப்ப நீ என்ன சொன்ன?"

அவன் தரையைப் பார்த்தான்.

"வாயைத் திறடா. என்ன சொன்ன?"

"பரவாயில்லன்னு."

"என் அம்மா உனக்கு ஒரு நாள் முழுக்க நின்னு தமாலே பண்ணி அனுப்பினாங்க." அவள் குரல் உடைந்தது, ஆனால் அழவில்லை. "கால் உடைஞ்சதுக்கு நான் உன்னைத் திட்டக்கூட மாட்டேன். மேடைன்னா விழறதுதான். ஆனா மாசக்கணக்கா கண்ணாடி முன்னாடி நின்னு ஒண்ணு ரெண்டு மூணுன்னு குழந்தை மாதிரி எண்ணிக்கிட்டு இருந்தேனே, பக்கத்துல நின்னு பாத்தியே. எனக்கு டயர் மாத்திக் குடுத்தியே!"

"சொல்லணும்னு நினைச்சேன்..."

"நினைச்ச. எங்கிட்ட மட்டும் சொல்லிட்டுப் பாரத்தை இறக்கிடலாம்னு பாக்காத. போ, பஸ்ல எல்லாரும் இருக்காங்க."

மீதிப் பேஸ்டியைக் குப்பைத்தொட்டியில் எறிந்துவிட்டு அவள் ஏறிக்கொண்டாள்.

வெண்டெல் பஸ்ஸின் நடுவழியில் நின்று சொன்னான். சொல்ல நான்கு வாக்கியம்கூடத் தேவைப்படவில்லை. இவ்வளவு சின்ன விஷயத்தையா இத்தனை நாள் சுமந்தோம் என்று அவனுக்கே இருந்தது. பைப்பர் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கோரி, "அடப்பாவி" என்றான், அவ்வளவுதான். பெவர்லி முன்சீட்டிலிருந்து திரும்பி உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு அறுபது வயதுக்கு மேல். அன்று இன்னும் கூடுதலாகத் தெரிந்தது.

"இவளை வாடையிலேர்ந்து எடுத்தேன்," என்றாள். "இவளே கேட்டாளேன்னு எடுத்துட்டேன். ஏன்னு ஒரு வார்த்தை கேக்கல. அதுக்கு மேல ஊர் ஊரா மைக்கைப் புடிச்சுச் சிரிக்க வச்சிருக்கேன். அந்தச் சிரிப்பையெல்லாம் இப்ப யாருடா போய் அள்ளிக்கிட்டு வருவா?"

"நான் போறேன், பெவ். ஒவ்வொரு ஊரா போய்..."

"நீ எங்கயும் போக வேண்டாம். முதல்ல டாக்டர்கிட்டப் போ. இன்னையிலேர்ந்து கோரி ஆடுவான்."

அன்றைய ஊரில் பெவர்லி மைக்கைப் பிடித்தாள். பல் டாக்டர் பொண்டாட்டி, லாரி ஹெட்லைட், மேயரின் சாண்ட்விச் எல்லாம் சொன்னாள், சிரித்தார்கள். பிறகு, "போன வருஷத்தைப் பத்தி நான் ஒரு கதை சொல்லிக்கிட்டு வந்தேன். அது தப்பு. எங்க சேலா சரியான நேரத்துக்குத்தான் வந்தா. தூக்க வேண்டியவனுக்குக் கை முடியல, அதை அவன் மறைச்சுட்டான்," என்றாள். உண்மையான கதையில் சிரிக்க ஒன்றுமில்லை. ஜனங்கள் இருமினார்கள், நாற்காலிகளை நகர்த்தினார்கள். அந்த ஊரில் யாரும் பழைய கதையைக் கேட்டிருக்கவில்லை, அதனால் எதற்கு இதெல்லாம் என்றுகூட அவர்களுக்குப் புரியவில்லை. திரையோரத்தில் தரைவிரிப்பை ஒற்றைக் கையால் இழுத்துச் சரிசெய்துகொண்டிருந்த வெண்டெலுக்கு மட்டும் ஒவ்வொரு சொல்லும் புரிந்தது.

சேலா லரேடோவுக்குப் போகவில்லை. மார்ச்சில் சொந்த ஊரில் நடக்கும் கடைசி ஆட்டத்துக்கு வாடை வேஷத்தைத் திருப்பிக் கேட்டாள். பழைய தூக்கலோடு, கோரியோடு. காது ஒரே நாளில் திரும்பிவிடவில்லை. முதல் ஒத்திகையில் முந்திக்கொண்டு வந்து கோரியின் நெஞ்சில் மோதி, இரண்டு பேரும் உருண்டார்கள். "பஸ் ஸ்டாப்பையே இடிச்சிட்டியே!" என்று கோரி கத்த, அவள் தரையில் கிடந்து வாய்விட்டுச் சிரித்தாள். வெண்டெல் அதை வெளியே நடையில் நின்று கேட்டான். சேலா ஒத்திகையில் இருக்கும்போது உள்ளே போகக்கூடாது என்று அவனாகவே வைத்துக்கொண்டிருந்தான். அவன் எதிரே வந்தால் அவள் தலையசைப்பாள். மரக்கட்டை என்று கூப்பிடுவதில்லை.

கடைசி ஆட்டத்தன்று அவனுக்கு மேடைக்கு மேலே தொங்கும் இரும்புப் பாலத்தில் வேலை. காகிதப்பனி நிரம்பிய நீளத்தொட்டிலின் கயிற்றை இடது கையால் ஆட்ட வேண்டும், கீழே பனி பெய்யும். அங்கிருந்து பார்த்தால் ஆடுகிறவர்களின் உச்சந்தலையும் தோளும்தான் தெரியும். இத்தனை வருஷம் எதிரே நின்று பார்த்த ஓட்டத்தை முதல்முறையாக மேலிருந்து பார்த்தான். சேலா மூலையிலிருந்து புறப்பட்டாள். உதடு அசைகிறதா என்று அவன் தேடினான், அங்கிருந்து தெரியவில்லை. இசையின் ஒரு சுவாசம் போல அவள் எழும்பினாள். கோரியின் கை மேலே போனது, அவள் அங்கே இருந்தாள். காகிதப்பனி அவள் முகத்தில் விழுவதை வெண்டெல் பார்த்தான். இதே இடத்துக்கு, இதே கணத்துக்குத்தான் அன்றும் வந்திருக்கிறாள். நடுவே போன ஒரு வருஷத்தை அவளுக்கு யாராலும் திருப்பிக் கொடுக்க முடியாது. கயிற்றை ஆட்ட மறந்து நின்றான். கீழே பனி நின்றுபோனது. பக்கத்திலிருந்த ஆள், "ஏய், ஆட்டுய்யா!" என்று அதட்டிய பிறகே கை அசைந்தது.

அடுத்த சீசனுக்கு சான் அன்டோனியோவில் ஒரு குழுவில் சேலாவுக்கு இடம் கிடைத்தது. அம்மா வீட்டிலிருந்து காரில் போய்விடும் தூரம். சாமான்களை எடுக்க அரங்கத்துக்கு அவள் வந்த அன்று, வெண்டெல் பின்வாசலில் பெயிண்ட் டப்பாக்களை அடுக்கிக்கொண்டிருந்தான். ஏரியில் பனிக்கட்டி உடையத் தொடங்கியிருந்தது, அதன் முறுமுறுப்பு அங்கே வரை கேட்டது. பெட்டியோடு வெளியே வந்தவள் நின்றாள். தூக்க உதவலாமா என்று அவன் ஒரு அடி எடுத்துவைத்து, எடுத்த அடியைப் பின்வாங்கிக்கொண்டான். பெட்டியை அவளே காரில் ஏற்றினாள்.

"தோள் ஆபரேஷன் எப்போ?" என்று கேட்டாள்.

"செவ்வாய்க்கிழமை."

"யாரு கூட்டிட்டுப் போறா?"

"அக்கா."

"ஆறு மாசம் கனமா ஒண்ணும் தூக்காத. டாக்டர் நாலு மாசம்னு சொன்னாலும் ஆறு மாசம்."

"சரி."

அவள் இன்னும் ஏதோ சொல்லப்போகிறாள் என்று அவன் காத்திருந்தான். அவள் கையுறையை மாட்டிக்கொண்டு காரைக் கிளப்பினாள். துறைமுகச் சரிவில் இறங்கி, தாது ஏற்றும் மேடையைத் தாண்டி, கார் நெடுஞ்சாலையில் தெற்கே திரும்பும்வரை வெண்டெல் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு உள்ளே போய், மிச்சமிருந்த டப்பாக்களை இடது கையால் ஒவ்வொன்றாக எடுத்துவைத்தான்.